அடைக்கலம் தந்தோர்

சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதையில், கவுந்தியடிகள் கண்ணகியை மாதரி என்னும் இடைச்சியிடம் ஒப்புவிக்கின்றார். மாதரி அரசியல்லள், ஆநிரை ஓம்பி வாழும் எளியவள். அடைக்கலம் காத்தற்குச் செல்வமும் படையும் வேண்டா, நெஞ்சுரமே வேண்டும். இவ்வறம் நம் காலத்தை அடுத்த வரலாற்றில் விளங்கிய இரண்டு இடங்களை நோக்குவாம்.

இரண்டாம் உலகப் பெரும்போரில் நாசிப் படை உக்ரேனைக் கைப்பற்றியது. 1941 செப்டெம்பர் 29, 30 ஆகிய இரு நாள்களில், கியேவ் நகரத்துப் பாபி யார் பள்ளத்தாக்கில் 33,771 யூதர் சுட்டுக் கொல்லப்பட்டனர். யூதர்க்கு இடங்கொடுத்தோர்க்கும் மரணமே தண்டனை. உள்ளூராருள் ஒரு சாரார் கொலைஞர்க்குத் துணைபோயினர், பலர் வாளாவிருந்தனர். ஆயினும் உழவர் சிலர் பரண்களிலும் நிலவறைகளிலும் யூதரை மறைத்து, தம் உணவைப் பகிர்ந்து காத்தனர். கிளிமென்டி ஷெப்டிட்ஸ்கி என்னும் துறவி தம் மடங்களில் யூதச் சிறுவர்க்குப் புகலளித்தார்.

எருசலேமிலுள்ள யாட் வஷேம் நினைவகம் 1963 முதல் இத்தகையோரைப் போற்றி வருகின்றது. கைம்மாறு கருதாது, உயிர்க்கு அஞ்சாது காத்தனர் என்பதைப் பிழைத்தவரின் சாட்சியம் முதலியவற்றால் ஆராய்ந்த பின்னரே பெயர் பொறிக்கப்பெறும். அவ்வாறு இடம்பெற்ற உக்ரேனியர் 2,600 பேருக்கு மேற்பட்டோர்.

இனி நம் நாட்டை நோக்குவாம். 1983 ஜூலை 24 இரவு கொழும்பில் மூண்ட வன்செயல் கண்டி, பதுளை, நுவரெலியா எனப் பரவிற்று. காடையர் வாக்காளர் இடாப்பைக் கையிற்கொண்டு தமிழர் இல்லங்களைத் தேடினர். அவ்வேளையில் சிங்கள அயலார் பலரும், முஸ்லிம்களும் பறங்கியரும் தமிழரைத் தம் இல்லங்களில் ஒளித்தனர். தம் வீடும் எரியக்கூடும் என்று அறிந்தே, வாயிலில் நின்று, உள்ளே தமிழர் எவருமில்லை என மறுத்தனர்.

இவ்விரு கொடுமைகளும் அளவால் ஒப்பன அல்ல. உக்ரேனில் ஆட்சியே அடைக்கலத்தைக் கொலைக்குற்றமாக்கியது. இங்கு அச்சுறுத்தியது கும்பல். ஆயினும் கதவைத் திறப்பதா, அடைப்பதா என்னும் வினா இரண்டிடத்தும் ஒன்றே.

2004 ஜூலையில் சனாதிபதி சந்திரிகா பண்டாரநாயக்க குமாரதுங்க 1983 வன்செயலுக்காக மன்னிப்புக் கோரினார். காத்தவர் பெயர்களோ பெரும்பாலும் பிழைத்த குடும்பங்களின் நினைவிலேயே தங்கியுள்ளன. அந்நினைவைச் சுமப்போர் முதுமையடைந்து வருகின்றனர்.

ஆதலின், மஸ்கெலியா மாணவர்காள்! உங்கள் லயத்து முதியோரையும், அக்காலத்தில் நகரங்களில் வாழ்ந்த உறவினரையும் அணுகிக் கேளுங்கள். யார், எவ்வூரில், எத்தனை நாள், எவ்வாறு காத்தார் என்பவற்றை எழுதி வையுங்கள். அன்னார் இசைந்தாலன்றிப் பெயரை வெளியிடாதீர்கள். பழைய மாணவர்களும் தாமறிந்ததை எழுதி உதவுவாராக. தீங்கை மட்டும் நினைவில் வைத்து, காத்த கையை மறப்பது வரலாறு ஆகாது. செய்ந்நன்றி அறிதலும் ஆகாது.