அட்டையில் ஓர் ஆகாய விமானம்

வானில் விமானம் செல்லும் ஒலி கேட்டால் கிராமத்துச் சிறுவர் தெருவுக்கு ஓடிவந்து அண்ணாந்து நோக்குவர். அந்த ஆர்வத்தைக் கல்வியாக மாற்றுவது நமது கடமையாகும். மளிகைக் கடையில் கழித்துப் போடும் அட்டைப் பெட்டிகளைக் கொண்டே, தரையில் நின்று ரேடியோ மூலம் இயக்கத்தக்க சிறு விமானத்தைப் பள்ளி மாணாக்கரும் இளைஞர் மன்றத்தாரும் செய்ய இயலும். அதற்கான முறையை இங்கு ஆராய்வோம்.

முதலில் மிதத்தல், பின்னர் மோட்டார்

இம்முயற்சியில் அட்டைக்கும் பசைக்கும் ஆகும் செலவு சொற்பம். மோட்டார், பாட்டரி, ரேடியோக் கருவி ஆகியவற்றுக்கே பணம் மிகுதியாகத் தேவைப்படும். இவற்றை முதலிலேயே பொருத்திவிட்டு, சமநிலை சரியில்லாத விமானத்தைப் பறக்கவிட்டால், அது முதல் நாளிலேயே மூக்குக் குத்தி வீழும். பணத்தோடு ஊக்கமும் அழியும். ஆதலின், மோட்டாரின்றி நன்கு மிதந்து இறங்கும் விமானத்துக்கே மோட்டார் பொருத்துவது என்ற விதியை நாம் கைக்கொள்ள வேண்டும்.

விமான வரலாறும் இதனையே புகட்டுகிறது. அமெரிக்காவின் ரைட் சகோதரர்கள் 1900, 1901, 1902 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் எஞ்சின் இல்லாத மிதவை விமானங்களையே மணல்மேடுகளில் சோதித்தனர். விமானத்தைக் கட்டுப்படுத்தும் வித்தை கைவந்த பிறகே அவர்கள் எஞ்சின் பொருத்தினர். 1903 டிசம்பர் 17 அன்று அவர்களது விமானம் முதன்முறையாக 12 விநாடி பறந்து, 120 அடி தூரம் சென்றது.

அளவுகளும் அமைப்பும்

சுமார் 3 மில்லிமீட்டர் கனமுள்ள நெளிவு அட்டையே ஏற்றது. ஈரம் படாததாகவும் மடிப்பு விழாததாகவும் இருத்தல் வேண்டும். அட்டையினுள் காணும் நெளிவு வரிகள் இறக்கையின் நீளவாக்கில் செல்லுமாறு வெட்டுக. அப்போதுதான் இறக்கை நடுவில் ஒடியாது. மேற்புறத்தை வளைப்பதும் எளிதாகும்.

இறக்கை: மொத்த நீளம் 120 செ.மீ., அகலம் 22 செ.மீ. அடிப்புறம் தட்டையாகவும், மேற்புறம் வளைந்தும் இருக்க வேண்டும். முன்விளிம்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் உயரம் சுமார் 2.5 செ.மீ. இருக்கட்டும். அவ்விடத்தில் உள்ளே அட்டைப் பட்டையுடன் மெல்லிய மூங்கிற் பிளாச்சு ஒன்றைச் சேர்த்து ஒட்டுக. இரு முனைகளும் நடுப்பகுதியைவிட 6 செ.மீ. உயர்ந்திருத்தல் நலம். ஒரு பக்கம் சாய்ந்த விமானம் தானே நிமிர்வதற்கு இவ்வமைப்பு உதவும்.

உடல்: 90 செ.மீ. நீளமுள்ள பெட்டி, முன்புறம் 7 செ.மீ. அகலம், பின்புறம் குறுகியது. மூக்கிலிருந்து 22 செ.மீ. தள்ளி இறக்கையின் முன்விளிம்பு அமைய வேண்டும். இறக்கையை ஒட்டிவிடாமல் மூங்கிற் குச்சிகளில் ரப்பர் வளையங்களை மாட்டிக் கட்டுக. மோதினால் அது கழன்று கொள்ளும், ஒடியாது.

வால்: கிடைவால் 44 செ.மீ. நீளம், 12 செ.மீ. அகலம். நிமிர்வாலின் பரப்பு இதில் ஏறக்குறையப் பாதி. கிடைவாலின் பின்விளிம்பில் ஏற்றத்தட்டும், நிமிர்வாலின் பின்விளிம்பில் சுக்கானும் அசையும்படி அமைக்க வேண்டும். அட்டையின் ஒரு பக்கத் தாளை மட்டும் கீறி மடக்கினால், மறுபக்கத் தாளே கீலாகப் பயன்படும்.

தச்சர் பயன்படுத்தும் வெள்ளைப் பசையால் ஒட்டி, ஓரிரவு உலர விடுக. வெட்டிய ஓரங்களை ஒட்டுநாடாவால் மூடினால் பனியும் ஈரமும் உட்புகா. இவ்வாறு செய்த விமானம் 500 கிராமுக்குள் அடங்குமாறு பார்த்துக்கொள்ள வேண்டும்.

கூழாங்கற் சோதனை

பொருத்தவிருக்கும் கருவிகளின் எடை ஏறத்தாழ 300 கிராம் ஆகும். அந்த எடைக்குக் கூழாங்கற்களைத் துணியில் முடிந்து, மூக்கினுள் வைத்துக் கட்டுக. பின்னர் இறக்கையின் அடியில் இருபுறமும் ஒவ்வொரு விரலைக் கொடுத்துத் தூக்குக. முன்விளிம்பிலிருந்து 6 செ.மீ. தூரத்தில் விமானம் சமனாக நிற்க வேண்டும். நில்லாவிடில் முடிச்சை முன்னோ பின்னோ நகர்த்துக.

காற்று அடங்கிய வேளையில், புல்தரையில் நின்று, தோள் உயரத்திலிருந்து கிடைமட்டமாக வீசுக. மூக்கு உடனே தாழ்ந்தால் முன்பாரம் மிகுதி. மூக்கு மேலெழுந்து, தயங்கி, பின் திடீரென வீழ்ந்தால் பின்பாரம் மிகுதி. ஒவ்வொரு முறையும் அரை செ.மீ. அளவே முடிச்சை நகர்த்தி மீண்டும் சோதிக்க. 20 அல்லது 25 அடி தூரம் நேராக மிதந்து சென்று தானே தரையிறங்குமாயின், மோட்டார் வாங்கும் காலம் வந்துவிட்டது என்று கொள்ளலாம்.

கருவிகள்

மூக்கில் மின்மோட்டாரும் புரொப்பெல்லரும், அவற்றின் பின்னே 11.1 வோல்ட் லித்தியம் பாட்டரியும், மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவியும், ரேடியோ ரிசீவரும், 9 கிராம் எடையுள்ள இரு சர்வோக்களும் வேண்டும். சர்வோக்களிலிருந்து சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பிகள் வழியாகச் சுக்கானும் ஏற்றத்தட்டும் அசையும். கூழாங்கற்களை எடுத்துவிட்டு, அதே சமநிலை கிடைக்குமாறு பாட்டரியின் இடத்தை அமைக்க வேண்டும்.

எச்சரிக்கைகள் சில உள. மேசை மீது மோட்டாரைச் சோதிக்கும்போது புரொப்பெல்லரைக் கழற்றிவிட வேண்டும். அது விரலைத் துண்டிக்க வல்லது. கையிலுள்ள டிரான்ஸ்மிட்டரை முதலில் இயக்கி, அதன் பின்னரே பாட்டரியை இணைக்க வேண்டும். லித்தியம் பாட்டரியை அதற்குரிய சார்ஜரில் மட்டுமே, ஒருவர் அருகில் இருக்கும்போது மின்னேற்ற வேண்டும். உப்பிய பாட்டரி தீப்பற்றக்கூடும், அதனைப் பயன்படுத்தலாகாது.

பறக்கவிடும் இடம்

அறுவடை முடிந்து உலர்ந்த வயல்வெளி சாலச் சிறந்தது. மின்கம்பிகளும் சாலையும் ஆடுமாடுகளும் அருகில் இருத்தலாகாது. காலை வேளையில் காற்றை எதிர்நோக்கி விமானத்தை விடுதல் வேண்டும். 2021-ஆம் ஆண்டு ட்ரோன் விதிகள் இத்தகைய மாதிரி விமானங்களுக்கும் பொருந்தும். எனவே பதிவு பற்றிய விதியையும், அவ்விடம் தடைப்பகுதியில் உள்ளதா என்பதையும் அரசின் இணையத்தளம் வாயிலாக முன்னதாகவே அறிந்துகொள்ள வேண்டும். விமான நிலையத்தின் அருகே பறக்கவிடுதல் கூடாது. விமானம் எப்போதும் கண்ணுக்குத் தெரியும் தூரத்திலேயே இருக்கட்டும்.

ஒரு மன்றத்தில் பத்துப் பேர் சேர்ந்தால், அட்டை விமானங்கள் பத்துச் செய்யலாம். கூழாங்கற் சோதனையில் எது சிறப்பாக மிதக்கிறதோ, அதற்கு மட்டும் பொதுச் செலவில் கருவிகளை வாங்கிப் பொருத்தலாம். அவ்விமானம் பழுதுபட்டாலும் அதே கருவிகளை அடுத்த விமானத்துக்கு மாற்றிக்கொள்ள இயலும். அளத்தல், சோதித்தல், திருத்துதல் என்னும் விஞ்ஞானப் பழக்கம் இதனால் நம் இளைஞரிடையே வேரூன்றும். இவ்வாண்டு அறுவடைக்குப் பின் நமது வயல்வெளிகளில் அட்டை விமானங்கள் எழும்புமாக!