ஆறாம் வகுப்புக்கு முன் ஒரு முறை யோசியுங்கள்

பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்ற கேள்வி, நாமக்கல் மாவட்டத்தில் பிள்ளை வளர்ப்பவர்களைக் கொஞ்சம் கூடுதலாகவே நெருக்கும். ப்ளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே டாக்டர் சீட் கிடைத்த காலத்தில், எங்கள் பக்கத்து விடுதிப் பள்ளிகளுக்கு எங்கெங்கிருந்தோ பிள்ளைகள் பெட்டி படுக்கையோடு வந்து இறங்குவார்கள். 2017-இல் நீட் வந்தது. அதே வருடம் மாநில ரேங்க் அறிவிப்பதும் நின்றது. ஆனாலும் காசு கட்டினால்தான் படிப்பு என்ற எண்ணம் இங்கே கரையவில்லை. மே மாதம் வந்தால் எங்கள் தெருப் பெண்கள் என்னிடம் கேட்பார்கள்: "அக்கா, கவர்மென்ட்டா, மெட்ரிக்கா? எதுல சேக்கறது?"

என் மகள் ஐந்தாம் வகுப்பு வரை மெட்ரிக் பள்ளியில் படித்துவிட்டு, ஆறாம் வகுப்புக்கு அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளிக்கு மாறினாள். மகன் ஒன்றாம் வகுப்பிலிருந்தே ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிதான். இரண்டு வகையையும் பக்கத்திலிருந்து பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: அரசு, தனியார் என்று மொத்தமாக வைத்து முடிவெடுக்காதீர்கள். உங்கள் பிள்ளை தினமும் போய்வரக்கூடிய இரண்டு மூன்று பள்ளிகளை மட்டும் எடுத்துக்கொண்டு நேரில் போய்ப் பாருங்கள். சேர்க்கை நேரத்தில் எல்லாப் பள்ளியும் பளிச்சென்று இருக்கும். அதனால் ஜனவரி, பிப்ரவரியில் ஏதாவது ஒரு சாதாரண நாள் காலை பதினொரு மணிக்குப் போங்கள்.

அரசுத் தொடக்கப் பள்ளியில் முதலில் ஆசிரியர்களை எண்ணுங்கள். அறுபது பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்குக் கல்வி உரிமைச் சட்டப்படி இரண்டு ஆசிரியர்கள். ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர்! அதில் ஒருவர் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ போய்விட்டால் மிச்சம் ஒருவர்தான். சின்ன அரசுப் பள்ளிகளின் உண்மையான பலவீனம் இதுதான். அதை மறைத்துப் பேசுவதில் யாருக்கும் லாபமில்லை. அப்படியும் நன்றாக நடக்கும் ஈராசிரியர் பள்ளிகள் இருக்கின்றன, என் மகன் படிப்பது அப்படி ஒன்று. கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டு மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றை ஒரு பத்தி வாசிக்கச் சொல்லுங்கள். நோட்டைப் புரட்டிப் பாருங்கள். சிவப்பு மை பிழையைத் திருத்தியிருக்கிறதா, பக்கத்துக்கு ஒரு டிக் மட்டும் போட்டுப் போயிருக்கிறதா என்று தெரிந்துவிடும். பிறகு கழிப்பறை: தண்ணீர் வருகிறதா, பூட்டிக் கிடக்கிறதா? பெண் பிள்ளை என்றால் இதை வைத்தே பாதி முடிவு எடுக்கலாம்.

காலை உணவுத் திட்டத்தை நான் சும்மா ஒரு சலுகையாகப் பார்க்கவில்லை. 2023 ஆகஸ்டில் அது எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. என் கணவர் லாரி பாடி கட்டும் பட்டறைக்கு விடியற்காலையே கிளம்புகிறவர். எனக்கும் வேலை உண்டு. பையன் பசியோடு வகுப்பில் உட்கார மாட்டான் என்ற நிம்மதிக்கு விலை கிடையாது.

தனியார் பள்ளிக்குப் போனால் கட்டடத்தைப் பார்த்து மயங்காமல் ஒரு கேள்வி கேளுங்கள்: போன வருடம் இருந்த ஆசிரியர்களில் எத்தனை பேர் இப்போதும் இருக்கிறார்கள்? சம்பளம் குறைவான பள்ளியில் ஆசிரியர்கள் தங்க மாட்டார்கள். என் மகளின் மூன்றாம் வகுப்பில் வருடத்தின் நடுவிலேயே டீச்சர் மாறினார், அதன்பின் வந்தவரும் மாறினார். பிள்ளை யாரோடும் ஒட்டவே இல்லை. அடுத்தது பணம். தனியார் பள்ளிகளுக்குக் கட்டணம் நிர்ணயிக்க 2009-இலேயே சட்டம் வந்து குழுவும் இருக்கிறது. அந்தக் குழு நிர்ணயித்த தொகை எவ்வளவு என்று கேட்டு, வேன், புத்தகம், சீருடை, ஆண்டு விழா எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். வேனிலும் ஏறிப் பாருங்கள். 2012-இல் தாம்பரம் பக்கத்தில் பள்ளிப் பேருந்தின் ஓட்டை வழியாக விழுந்து ஒரு சிறுமி இறந்த பிறகுதான் பள்ளி வாகனங்களுக்குத் தனி விதிகளே வந்தன. பெரிய வகுப்பு என்றால், ஒன்பதாம் வகுப்பில் ஒன்பதாம் வகுப்புப் பாடத்தைத்தான் நடத்துகிறார்களா என்று அங்கே படிக்கும் பிள்ளைகளிடமே விசாரியுங்கள்.

பெற்றோர் தனியாருக்குப் போவதற்கு முக்கியக் காரணம் இங்கிலீஷ். அந்த ஆசை நியாயமானதுதான். என் மகள் அரசுப் பள்ளியில் ஆங்கில வழிப் பிரிவில்தான் சேர்ந்தாள். ஆனாலும் பேசும் பழக்கம் ஒரே வருடத்தில் குறைந்தது. அதற்காக இரவுச் சாப்பாட்டுக்கு முன் அவளும் நானும் ஆங்கிலச் செய்தித்தாளைச் சத்தமாக வாசிக்கிறோம். எனக்குத் தெரியாத சொல்லை அவள் சொல்லித்தருவாள். அரசுப் பள்ளியில் சேர்த்தால் மிச்சமாகும் பணத்துக்குப் பதிலாக இப்படி நேரம் கொடுக்க வேண்டியிருக்கும். எட்டாம் வகுப்பு வரை எல்லாரும் தேர்ச்சி என்பதால், பிள்ளை பின்தங்குவதை மார்க் ஷீட் உங்களுக்குச் சொல்லாது. நீங்களே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வீட்டில் ஒருவராலும் அந்த நேரத்தைத் தர முடியாதென்றால் அதையும் கணக்கில் சேர்த்து முடிவெடுங்கள்.

இனி ஆறாம் வகுப்பு. தொடக்கக் கல்விக்கு எங்கே சேர்த்திருந்தாலும் ஐந்தாம் வகுப்பு முடியும்போது ஒரு முறை யோசியுங்கள். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. அடுத்த வருடம் பொறியியல், சட்டம், வேளாண்மை, கால்நடை மருத்துவம் வரை விரிந்தது. அந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. இதற்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கல்லூரி போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டத்துக்கும் ஆறாம் வகுப்பிலிருந்துதான் கணக்கு. பலர் குழம்புவது எய்டட் பள்ளியில். அரசு உதவிபெறும் பள்ளியில் படித்தால் 7.5 சதவீதம் கிடையாது. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் தனியார் பள்ளியில் சேர்ந்த பிள்ளைக்கு எட்டாம் வகுப்போடு இலவசம் முடிகிறது. அந்தப் பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் அரசுப் பள்ளிக்கு வந்து பன்னிரண்டு வரை படித்தால் 7.5 சதவீதத்துக்குத் தகுதி உண்டு. ஆனால் அந்த 25 சதவீத இடத்தையே நம்பிக் காத்திருக்காதீர்கள். 2025-இல் நிதிப் பிரச்சினையால் சேர்க்கையே பல மாதம் தள்ளிப்போனது.

மாறும்போது பழைய பள்ளியில் கட்டண பாக்கியைக் காட்டி டிசி தர மறுத்தால் பயப்பட வேண்டாம். அப்படி நிறுத்திவைக்கக் கூடாதென்று 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எட்டாம் வகுப்பு வரை, டிசி தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கவும் முடியாது.

மகளை மாற்றியபோது என் மாமியாருக்கு மனமே இல்லை. 2011-இல் ஈரோடு கலெக்டராக இருந்த ஆனந்தகுமார் தன் மகளை ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் சேர்த்ததை எடுத்துச் சொன்னேன். "கலெக்டர் பிள்ளை போனா பள்ளிக்கூடம் தானா சரியாயிரும். நம்ம புள்ள போனா யாரு கண்ணு, திரும்பிப் பாப்பாங்க?" என்றார். அவர் கேட்டது சரியான கேள்வி. அதனால்தான் பள்ளி மேலாண்மைக் குழுவில் சேர்ந்தேன். கணக்கு ஆசிரியர் இடம் காலியாகக் கிடந்தபோது குழுப் பெண்கள் எல்லாருமாக, திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தோம். நிரந்தர ஆசிரியர் வரும்வரை தற்காலிகமாக ஒருவரை அந்தக் குழு வழியாகவே நியமித்தார்கள். நீங்கள் பள்ளி பார்க்கப் போகும்போது, அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டம் என்றைக்கு என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். யோசிக்காமல் தேதி சொன்னால் பிள்ளையைச் சேர்த்துவிட்டு, அந்தக் கூட்டத்துக்கு நீங்களும் போங்கள்.