கட்டிலருகே இருப்பவருக்கு

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து இப்போதுதான் வீட்டுக்குக் கூட்டிவந்திருப்பீர்கள். அல்லது மாமியாருக்கு மறதிநோய் என்று டாக்டர் சொல்லியிருப்பார். கையில் மருந்துச் சீட்டு இருக்கும். வீட்டில் என்னென்ன செய்ய வேண்டும் என்று உங்களை உட்காரவைத்துச் சொல்ல அங்கே யாருக்கும் நேரம் இருந்திருக்காது. அரசு மருத்துவமனை வார்டுகளில் செவிலியராக இருந்துவிட்டு, ஓய்வுக்குப் பின் படுக்கையில் கிடக்கும் பெரியவர்களின் வீடுகளுக்குப் போய்வருகிறவள் நான். இந்த வேலையைப் புதிதாக ஏற்றிருக்கும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியவற்றைச் சொல்கிறேன்.

1. முதல் வாரத்திலேயே அண்ணன் தம்பி அக்கா தங்கை எல்லோரையும் கூட்டி உட்காருங்கள். இது வருடக்கணக்கில் போகக்கூடிய வேலை. பகலில் யார், இரவில் யார், பணம் யார், டாக்டரிடம் யார் போவது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்ட வீடுகளில் முழுப் பாரமும் ஒரே பெண்ணின் தலையில் வந்து விழுந்ததைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். அவள் பெரும்பாலும் மருமகள், அல்லது கல்யாணமாகாத மகள். வெளியூரில் இருப்பவர்களுக்கும் வேலை கொடுங்கள். தினமும் சாயங்காலம் அரைமணி நேரம் வீடியோவில் அம்மாவோடு பேசிக்கொண்டிருக்கட்டும். அந்த அரைமணி நேரம் உங்களுடையது.

2. படுக்கைப்புண் வராமல் பார்ப்பது உங்கள் முதல் கடமை. வந்தபின் ஆற்றுவது மிகவும் கடினம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவையுங்கள். இடப்பக்கம், மல்லாக்க, வலப்பக்கம் என்று நேரத்தைச் சுவரில் எழுதி ஒட்டினால் ஆள் மாறினாலும் முறை தவறாது. குதிகால், வால் எலும்பு, இடுப்பின் பக்கவாட்டு, தோள்பட்டை, பின்தலை ஆகிய இடங்களைத் தினமும் உடம்பு துடைக்கும்போது பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தபின்னும் சிவப்பு வெளுக்காமல் நின்றால் அது புண்ணின் ஆரம்பம். அந்த இடத்தைத் தேய்க்காதீர்கள், அதன்மேல் பாரம் விழாமல் படுக்கவையுங்கள். கறுத்த மேனியில் சிவப்பு தெரியாது. அங்கே சூடும் கெட்டித்தன்மையும் கையில் தட்டுப்படும். ஏர் பெட் வாங்கிவிட்டோம், இனிப் புரட்ட வேண்டாம் என்று நினைப்பவர்கள் நிறைய. ஏர் பெட் போட்டாலும் புரட்டத்தான் வேண்டும். நடுவில் ஓட்டையுள்ள காற்று வளையத்தில் உட்காரவைப்பதை விட்டுவிடுங்கள். அது சுற்றியுள்ள சதையை நெரித்து ரத்த ஓட்டத்தைக் குறைக்கும்.

புரட்டும்போது கையைப் பிடித்து இழுக்காதீர்கள். பக்கவாதம் வந்த பக்கத்துத் தோள் எளிதில் நழுவிவிடும். முதுகுக்கு அடியில் மடித்த போர்வை ஒன்றை விரித்துவைத்து, இருவராக அதைப் பிடித்து நகர்த்துங்கள். உங்கள் முதுகுத்தண்டும் தப்பும்.

3. படுத்தபடி எதையும் ஊட்டாதீர்கள். நிமிர்த்தி உட்காரவைத்து, தாடையைச் சற்றுத் தாழ்த்தி, சிறு சிறு கரண்டியாகக் கொடுங்கள். சாப்பிட்டபின் அரைமணி நேரமாவது அப்படியே இருக்கட்டும். கஞ்சி இறங்கி, தண்ணீர் மட்டும் புரையேறினால், விழுங்கும் தசை பலவீனமாகியிருக்கிறது என்று அர்த்தம். டாக்டரிடம் சொல்லுங்கள். தூக்கக் கலக்கத்தில் இருப்பவர் வாயில் எதையும் ஊற்றவே கூடாது. நுரையீரலுக்குள் போனால் நிமோனியா ஆகும்.

4. நேற்றுவரை நன்றாகப் பேசியவர் இன்று திடீரென்று சம்பந்தமில்லாமல் பிதற்றினால், "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவது, நாள்கணக்கில் மலம் போகாமல் இருப்பது, புதிதாகச் சேர்த்த ஒரு மாத்திரை என்று பல காரணங்கள் இருக்கும். பெரும்பாலும் சரிசெய்யக்கூடியவை. அன்றே கூட்டிப் போங்கள். வாய் கோணினாலோ, ஒரு கை துவண்டாலோ, பேச்சு குழறினாலோ அது பக்கவாதமாக இருக்கலாம், உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியை நான்கரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.

5. மறதிநோய் உள்ளவரோடு வாதம் செய்யாதீர்கள். சொந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டே "வீட்டுக்குப் போகணும்" என்பார். "இதுதானே வீடு" என்று நிரூபிக்கப் போனால் இருவருக்கும் அழுகைதான் மிஞ்சும். "போகலாம், முதல்ல காபி குடிங்க" என்று சொல்லிப் பாருங்கள். பல நேரம் அதுவே போதும். பொழுது சாயும் நேரத்தில் தவிப்பு கூடும், அதனால் இருட்டுவதற்கு முன்பே விளக்கைப் போடுங்கள். வாசற்கதவுத் தாழ்ப்பாளில் ஒரு மணியைக் கட்டுங்கள்.

இன்னொன்றும் நடக்கும். நகையைக் காணோம், பணத்தைக் காணோம் என்று சொல்லி, கூடவே இருந்து பார்க்கும் மருமகளைத்தான் திருடி என்பார். வந்துபோகும் உறவினர்கள் அதை நம்பிப் பேசுவார்கள். அந்தப் பேச்சு உங்களை எவ்வளவு சுடும் என்று எனக்குத் தெரியும். சொல்வது நோய். உங்கள் கணவர் உறவினர்கள் முன்னால் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவர் சும்மா இருப்பது தவறு.

6. வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு ஒரே டாக்டரிடம் காட்டுங்கள். இதய டாக்டர் எழுதியதும் சர்க்கரை டாக்டர் எழுதியதும் வேறு வேறு பெயரில் ஒரே மருந்தாக இருந்துவிடும். தூக்க மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். இரவில் பாத்ரூம் போகும்போது விழுந்து இடுப்பு எலும்பு முறிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

7. டயபர் மாற்றும்போது கதவைச் சாத்துங்கள். துண்டால் மூடிக்கொண்டு துடையுங்கள். அவர் காதுபட அவருடைய மலம், மூத்திரத்தைப் பற்றி விருந்தாளிகளிடம் பேசாதீர்கள். பேச முடியாதவருக்கும் காது கேட்கும்.

8. உங்களுக்குக் கோபம் வரும். இரவில் மூன்றாவது முறையாக எழுப்பும்போது கையை ஓங்கத் தோன்றும். "இவர் போய்ச் சேர்ந்தால் தேவலை" என்ற நினைப்பும் ஒருநாள் வரும், வந்தபின் உங்களை நீங்களே வெறுப்பீர்கள். நல்ல பிள்ளைகளுக்கும் அந்த நினைப்பு வருகிறது. தூக்கமில்லாத உடம்பு அப்படித்தான் பேசும். அந்த நேரத்தில் அவரைப் பத்திரமாகப் படுக்கவைத்துவிட்டு அறையைவிட்டு வெளியே வாருங்கள். முகம் கழுவுங்கள், பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிடுங்கள். தென்மாவட்டங்கள் சிலவற்றில் தலைக்கூத்தல் என்ற பெயரில் பெரியவர்களைக் கொன்ற கொடுமைக்குப் பின்னால் வறுமையோடு இந்தக் களைப்பும் இருந்திருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். அதனால்தான் இதை வெட்கப்பட்டு மூடிவைக்காதீர்கள் என்கிறேன். பசி எடுக்காமல், தூக்கம் வராமல், எதற்கெடுத்தாலும் அழுகை வந்தால் 14416-க்குப் பேசுங்கள். அது அரசின் மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம். உங்கள் சர்க்கரை, பிரஷரையும் பாருங்கள். பார்த்துக்கொள்பவர் விழுந்தால் வீட்டில் நோயாளி இரண்டு பேர்.

9. கிடைக்கும் உதவியைக் கேட்டு வாங்குங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வரும். பிசியோதெரபியும் படுக்கையில் இருப்பவர்களுக்கான நோய்தணிப்புச் சிகிச்சையும் அதில் உண்டு. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ். நடராஜன் 1978-இல் முதியோருக்கென்று புறநோயாளிகள் பிரிவு தொடங்கியபோது நாட்டுக்கே அது புதிது. இன்று கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனையே இருக்கிறது. முதியோருக்கான உதவி எண் 14567.

10. சொத்துப் பேச்சைக் கட்டிலருகே பேசாதீர்கள். பெரியவர்களுக்கும் ஒன்று சொல்வேன். பிள்ளைக்கு எழுதிக்கொடுப்பதாக இருந்தால், "என்னைக் கடைசிவரை பராமரிக்க வேண்டும்" என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். பராமரிக்காமல் விட்டால் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்க, 2007-ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு வழிசெய்கிறது. மனு கோட்டாட்சியரிடம் போகும்.

11. கடைசி நாட்களில் பசி குறைந்துபோகும். அப்போது வற்புறுத்தித் திணிக்காதீர்கள். உதட்டை ஈரத்துணியால் நனையுங்கள், வாயைச் சுத்தமாக வையுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். புற்றுநோய் வலி தாங்க முடியாமல் இருந்தால், மார்ஃபின் மாத்திரை கிடைக்குமா என்று நோய்தணிப்பு மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். அது முறைப்படி எழுதித் தரும் மருந்து. வலியில் துடிக்கவிடுவது யாருக்கும் புண்ணியமில்லை.

12. இது பார்த்துக்கொள்ளாத பிள்ளைகளுக்கு. அம்மாவைப் பார்க்க வரும்போது ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கி வந்து, "ஏன் இவ்வளவு இளைச்சுட்டாங்க" என்று கேட்டுவிட்டுப் போகாதீர்கள். வந்த உடனே சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு டயபர் மாற்றக் கற்றுக்கொள்ளுங்கள். மாத்திரை நேரத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பிறகு, இத்தனை நாளும் பார்த்துக்கொண்டவளிடம் சாவியையும் கொஞ்சம் பணத்தையும் கொடுத்து, ராத்திரி சாப்பாட்டுக்கு வந்தால் போதும் என்று வெளியே அனுப்புங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே வாருங்கள்.