மரையாணியினுள் மறைந்துள்ள விசை

பாலமொன்றைக் காண்போர் அதன் நீளத்தையும் உயரத்தையும் வியப்பர். அதன் உறுப்புக்களைப் பிணைத்து நிற்கும் மரையாணியை நோக்குவார் சிலரே. போல்ற்று என வழக்கில் வழங்கும் அச்சிறு ஆணியின் உள்ளே எவ்வளவு விசை தொழிற்படுகின்றது? ஆணியைப் பிளந்து பாராமலே இதனை அறிதற்கு நிலையியல் வழி காட்டுகின்றது.

இரண்டு உருக்குத் தட்டுக்களை ஒன்றன்மேலொன்றாக வைத்து ஓர் ஆணியாற் பிணைத்து, மேலுள்ளதை வலப்புறமாகவும் கீழுள்ளதை இடப்புறமாகவும் 40 கிலோநியூற்றன் விசையால் இழுப்பதாகக் கொள்வோம். தட்டுக்களிடையேயுள்ள உராய்வை விட்டுவிடுவோம். அவை சந்திக்கும் தளத்தில், கத்தரியின் அலகுகளுக்கிடையே அகப்பட்ட கடதாசிபோல ஆணி அறுபட முனைகின்றது. அத்தளத்தில் ஆணியை மனத்தால் வெட்டி, மேற்பகுதியை மட்டும் தனியே வரைக. அதனைத் தட்டு வலப்புறமாக 40 கிலோநியூற்றனால் தள்ளுகின்றது, அதுவோ அசையாதிருக்கின்றது. ஆகவே வெட்டுமுகத்தில் இடப்புறமாக 40 கிலோநியூற்றன் இருத்தல் வேண்டும். இதுவே கொய்விசை.

இனி மூன்று தட்டுக்களை எடுத்துக்கொள்வோம். நடுத்தட்டு வலப்புறமாக 40, வெளித்தட்டுக்கள் ஒவ்வொன்றும் இடப்புறமாக 20 கிலோநியூற்றன் இழுக்கின்றன. எத்தளத்தில் வெட்டினும் கொய்விசை 20 மட்டுமே. ஆணியின் விட்டம் 20 மில்லிமீற்றராயின் அதன் குறுக்குவெட்டுப் பரப்பு ஏறத்தாழ 314 சதுர மில்லிமீற்றர். சராசரிக் கொய்தகைப்பு சதுர மில்லிமீற்றருக்கு 64 நியூற்றன்.

அதே தட்டுக்களை வரிசை மாற்றி அடுக்குக: 40 இழுக்கும் தட்டு மேலே, 20 இழுக்கும் இரண்டும் கீழே. முதற்றளத்தில் வெட்டினாற் கொய்விசை 40. இரண்டாவதில் 40இலிருந்து 20 கழிய, 20. விசைகள் மாறவில்லை, ஆணியும் மாறவில்லை. எனினும் மிகப் பெரிய கொய்விசை இருமடங்காகித் தகைப்பு 127 ஆயிற்று. தட்டுக்களின் தடிப்பினால் ஆணி வளைய முனைவது இதற்கு மேலதிகம்.

வரிசை மாற்றம் இவ்வளவு செய்யுமோ என ஐயுறுவோர் அமெரிக்காவின் கன்சாஸ் நகரில் நிகழ்ந்ததை நோக்குக. அங்கே ஹயாற் றீஜென்சி விடுதியில் ஒன்றன்கீழொன்றாக இரு நடைபாலங்கள் கூரையிலிருந்து தொங்கின. முதல் வரைபடத்தின்படி ஒரே நீண்ட தண்டுகள் இரண்டையும் ஊடுருவிச் செல்ல, ஒவ்வொரு பாலமும் தண்டிலுள்ள தன் நட்டின்மீது தங்கும். பின்னர் தண்டு இரண்டாகப் பிரிக்கப்பட்டு, கீழ்ப்பாலம் மேற்பாலத்தின் விட்டத்திலிருந்தே தொங்கவிடப்பட்டது. கயிற்றைப் பற்றித் தொங்கும் இருவருள் கீழுள்ளவன் கயிற்றை விட்டு மேலுள்ளவனின் காலைப் பற்றினாற் போலாயிற்று! கூரைத் தண்டின் இழுவை மாறவில்லை. மேற்பாலத்து நட்டின் சுமையோ இருமடங்காயிற்று. முதல் அமைப்பே நகர விதிகள் வேண்டிய வலிமையுடையதன்று என்பதும் பின்னர் புலனாயிற்று. 1981ஆம் ஆண்டு யூலை 17ஆம் நாள் மாலை விட்டத்தை நட்டுக்கள் கிழித்துக்கொண்டு வெளிவர, இரு பாலங்களும் வீழ்ந்தன. 114 பேர் மாண்டனர்.

அங்கு நேர்ந்தது ஆணியின் கொய்வன்று. ஆயினும் அதனை முன்னறிதற்கு வேண்டிய கணிதம் ஈண்டு நாம் செய்ததே. அந்த நட்டைச் சூழ ஒரு கோடிட்டு, அதன்மீதுள்ள விசைகளை ஒருவர் கூட்டிப் பார்த்திருந்தாற் போதும். ஆதலின் மாணவர்காள், மொத்தச் சுமையை அறிந்தமட்டில் அமைதி கொள்ளற்க. அது எவ்வழியே செல்கின்றதென ஒவ்வொரு மூட்டிலும் வெட்டிப் பார்மின்; வரைபடத்தில் ஒரு கோடு மாறினும் மீண்டும் வெட்டிப் பார்மின்.