பாடம் 7: கணினி அறையின் கணக்கு

ஐதராபாத்தை அடுத்த இராமச்சந்திராபுரத்தில் பெல் நிறுவனத்தின் தொழிற்சாலை உள்ளது. திருச்சிராப்பள்ளிக்கு அருகிலுள்ள திருவெறும்பூரிலும் அந்நிறுவனத்திற்குத் தொழிற்சாலை உண்டு. இத்தகைய ஊர்களில் பணிபுரிவோர் செலுத்தும் வருமான வரியின்மீது 4 விழுக்காடு மேல்வரி சேர்கிறது. நலவாழ்வுக்கும் கல்விக்கும் என 2018 முதல் அது தண்டப்படுகிறது. இவ்வாறு மக்கள் தரும் வரிப்பணமே அரசுப் பள்ளிகளில் கணினியாக மாறுகிறது.

1984-இல் நடுவண் அரசு, ‘கிளாஸ்’ என்னும் திட்டத்தின்கீழ்த் தேர்ந்தெடுத்த பள்ளிகளுக்குப் பிபிசி மைக்ரோ கணினிகளை வழங்கத் தொடங்கியது. 2004 டிசம்பரில் பள்ளிகளுக்கான தகவல் தொடர்புத் தொழில்நுட்பத் திட்டம் பிறந்தது. 2018 முதல் அது ‘சமக்ர சிக்ஷா’ என்னும் ஒருங்கிணைந்த திட்டத்தின் பகுதியாயிற்று. அதன் செலவில் தமிழ்நாடு, தெலங்கானா போன்ற மாநிலங்களுக்கு நடுவண் அரசு 60 விழுக்காடும், மாநில அரசு 40 விழுக்காடும் ஏற்கின்றன.

இத்திட்டப்படி, ஒரு பள்ளி கணினி அறை அமைக்க ஒருமுறை மானியமாக 6.40 இலட்சம் ரூபாய் வரை பெறலாம். பின்னர், ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுதோறும் 2.40 இலட்சம் ரூபாய் வரை பெறலாம். ஐந்தாண்டுத் தொகையைக் கூட்டினால் 12 இலட்சம் ஆகும். கருவிகளை வாங்குவதற்கு ஒரு பங்கு என்றால், அவற்றை இயக்குவதற்கு ஏறத்தாழ இரு பங்கு தேவை. மின்சாரம், இணையம், பழுதுபார்ப்பு, பயிற்றுநர் ஊதியம் ஆகியவை ஆண்டுதோறும் வரும் செலவுகள். அத்தொகை வாராது நின்றால் கணினி அறை பூட்டப்படும். வீட்டில் கணினி உள்ள மாணவருக்கு அதனால் இழப்புச் சிறிதே. பள்ளியன்றி வேறெங்கும் கணினியைத் தொட இயலாத மாணவரோ அனைத்தையும் இழப்பார்.

தமிழ்நாடு மற்றொரு வழியையும் மேற்கொண்டது. 2011 செப்டம்பர் 15 அன்று, அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது. பல இலட்சம் மாணவர்கள் அதனால் பயனடைந்தனர். மடிக்கணினி வீட்டிற்கு வருவதால் உடன்பிறந்தோரும் கற்கலாம். ஆயினும், பிற்காலத்தில் அது பழுதுற்றால் அச்செலவு குடும்பத்தைச் சாரும்.

கேரளம் கட்டற்ற மென்பொருளைத் தேர்ந்தது. அதனால் உரிமக் கட்டணம் மிஞ்சுகிறது. அங்கு 2018-இல் தொடங்கிய ‘லிட்டில் கைட்ஸ்’ மன்றங்களில் மாணவர்களே தொழில்நுட்பப் பயிற்சி பெறுகின்றனர்.

திறப்பு விழா நாளில் எல்லாக் கணினிகளும் ஒளிரும். ஐந்தாம் ஆண்டின் இறுதியில் எத்தனை ஒளிர்கின்றன என்பதே மக்கள் பணத்தின் பயனை அளக்கும் கோல்.

சொற்பொருள்
தண்டுதல் – வசூலித்தல்
நடுவண் அரசு – மத்திய அரசு
விழுக்காடு – சதவீதம்
மானியம் – அரசு தரும் உதவித்தொகை

வினாக்கள்
1. கணினி வாங்கும் செலவைவிட இயக்கும் செலவு மிகுவது ஏன்?
2. கணினி அறை பூட்டப்பட்டால் யாருக்கு இழப்பு மிகுதி? காரணம் கூறுக.
3. பள்ளிக்குக் கணினி அறை, மாணவர்க்கு மடிக்கணினி: இவற்றுள் எதற்கு முதலில் நிதி ஒதுக்கலாம்? உம் கருத்தைப் பத்து வரிகளில் எழுதுக.