கடன் கொடுத்தவர் வாசலுக்கு வெளியே நிற்கட்டும்



படலையடியில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கிறது. தாய் பின்வளவுக்குள் மறைகிறாள். "அம்மா வீட்டில் இல்லை" என்று பிள்ளை சொல்கிறது. கிழமைக் கடன் அறவிடும் நாளில் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் பல வீடுகளில் நடப்பது இதுதான். கடன் தாயைப் பயப்படவும் பிள்ளையைப் பொய் சொல்லவும் பழக்கிவிட்டது.

2004ஆம் ஆண்டுக் கடற்கோளும், 2009இல் முடிந்த போரும் நமது மக்களை வெறுங்கையராக விட்டன. அவ்வேளை நுண்கடன் வீடு தேடி வந்தது. பெண்கள் குழுவாகச் சேர்ந்து, ஒருவருக்கொருவர் பிணை நின்றனர். பிறகு ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்கினர். 2018இல் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகள் சபையின் நிபுணர் யுவான் பப்லோ பொஹொஸ்லவ்ஸ்கி, ஆண்டு வட்டி 220 வீதம் வரை சென்றதையும், அறவிட வருவோர் சிலர் பெண்களிடம் பாலியல் இணக்கம் கேட்டதையும் எடுத்துரைத்தார். ஆகவே இது ஒரு வீட்டின் வெட்கம் அல்ல, சமுதாயத்தின் காயம்.

இணைச்சட்ட நூலின் 24ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். அடகு வாங்க வருபவர் கடன்பட்டவரின் வீட்டுக்குள் நுழையலாகாது. அவர் வெளியே நிற்க, கடன்பட்டவரே பொருளைக் கொண்டுவர வேண்டும். மாவரைக்கும் கல்லை அடகாக எடுக்கவும் தடை உண்டு. நமது வாவிக்கரையில் அந்தக் கல் எது? வலையும் தோணியும் தையல் இயந்திரமும் அல்லவா? வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுப்பது நீதி. ஆனால் கடன் கொடுத்தவர் நமது மானத்தை விலைக்கு வாங்கவில்லை.

நாட்டின் சட்டமும் இதற்கு ஒத்தே நிற்கிறது. பின்வருவனவற்றை மனத்தில் இருத்துங்கள்.

1. கட்ட இயலாமை குற்றமல்ல. அதற்காக மட்டும் எவரையும் சிறையிடலாகாது என்பது 1980இல் இலங்கை ஏற்ற சர்வதேச உடன்படிக்கையின் 11ஆம் உறுப்புரை. "பொலிசில் பிடித்துக் கொடுப்போம்" என்ற மிரட்டலுக்கு அஞ்ச வேண்டாம்.

2. நீதிமன்றக் கட்டளையின்றி வீட்டுச் சாமான்களைத் தூக்கிச் செல்ல அவர்களுக்கு உரிமையில்லை. (லீசிங்கில் எடுத்த வாகனத்தின் சட்டம் வேறு.) அச்சுறுத்தவும் அவமதிக்கவும் வளவுக்குள் நிற்பது அத்துமீறல்.

3. பாலியல் தொந்தரவு தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின்படி குற்றம். பொலிஸ் நிலையத்தின் பெண்கள், சிறுவர் பிரிவில் முறையிடுங்கள்.

4. வந்தவரின் பெயர், நாள், நேரம், சொன்ன வார்த்தை ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதுங்கள். பற்றுச்சீட்டு இல்லாமல் காசு கொடுக்காதீர்கள். வெற்றுத்தாளில் ஒப்பமிடாதீர்கள்.

5. தவணையைக் குறைத்துத் தருமாறு கம்பனிக்கு எழுத்தில் கேளுங்கள். அது மத்திய வங்கியின் மேற்பார்வையில் உள்ள நிறுவனமாயின், அவ்வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்திடம் 1935 என்ற இலக்கத்தில் முறையிடலாம். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லாதோருக்குச் சட்ட உதவி ஆணைக்குழு உண்டு.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். ஒருத்தி கட்டத் தவறினால் குழுவின் மற்றப் பெண்களே அவள் வாசலில் போய்ச் சத்தமிடும்படி தூண்டப்படுகிறார்கள். அயலவளை அயலவளுக்கு எதிராக நிறுத்தும் இந்த வேலைக்கு உடன்படாதீர்கள். அறவிட வருபவன் வரும்போது அவளுக்குத் துணையாக இருவர் அருகில் இருங்கள். தனித்திருப்பவளிடம்தான் மிரட்டல் துணிவு பெறுகிறது. நம் வீட்டுப் பிள்ளைகள் சிலரும் இத்தொழிலில் இருக்கிறார்கள். தம்பி, மேலதிகாரி இலக்கு வைத்தாலும் வாசலுக்கு வெளியே நின்று மரியாதையாகக் கேள்.

குடும்பமாகச் சிந்திக்க:

நம் வீட்டுக் கடன் எவ்வளவு என்பது கணவன், மனைவி இருவருக்கும் தெரியுமா?

நம் அயலில் எந்தத் தாய் இன்று பின்வளவில் மறைந்து நிற்கிறாள்? அவளிடம் யார் போவது?