வண்டியைத் தயார்ப்படுத்துவோம், தண்ணீர் வருமுன் புறப்படுவோம்



மழைக்காலம் வந்தால் கூரைத் தகரத்தைப் பார்க்கிறோம், விறகை உள்ளே எடுத்து வைக்கிறோம். அவசரமாக வெளியேற வேண்டி வந்தால் எந்த வண்டியில் போவது, அது ஓடுமா, யார் யார் முதலில் ஏறுவது என்று யோசித்து வைத்திருக்கிறோமா? இந்தப் பாடம் அதைப் பற்றியது. முதலில் கல்முனைப் பக்கம் நடந்ததைப் பார்ப்போம்.

கல்முனைக் கரையின் அனுபவம்

அம்பாறை மாவட்டக் கரையோரத்தில் மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. கிழக்கே கடல், மேற்கே வயலும் ஆறும். கடலை விட்டு உள்நாட்டுக்குப் போக வயல்வெளிப் பாதைகளைக் கடக்க வேண்டும். பெருமழையில் கிட்டங்கி, மாவடிப்பள்ளி போன்ற இடங்களில் மூழ்குவதும் அந்தப் பாதைகள்தான்.

1978 நவம்பர் 23ஆம் திகதி கிழக்குக் கரையைச் சூறாவளி தாக்கியது. 900க்கும் மேற்பட்டோர் மாண்டனர். தென்னை மரங்கள் முறிந்து பாதைகளை மூடின. காற்று தொடங்கிவிட்டால் வண்டி இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் நிலைமை ஒன்றுதான்.

2024 நவம்பர் 26ஆம் திகதி, மத்ரஸாவிலிருந்து வீடு திரும்பிய மாணவர்களை ஏற்றிக்கொண்டு மாவடிப்பள்ளிப் பாதையில் போன உழவு இயந்திரத்தை வெள்ளம் அடித்துச் சென்றது. மாணவர்கள் பலர் உயிரிழந்தார்கள். உழவு இயந்திரம் உயரமானது, பாரமானது, சேற்றில் ஓடுவது. அதையே தண்ணீர் கொண்டு போகுமென்றால் நம்முடைய ஓட்டோவும் மோட்டார் சைக்கிளும் எம்மாத்திரம்?

ஓடும் தண்ணீரின் பலம்

அரை அடி வேகமாக ஓடினால் ஆளைச் சாய்த்துவிடும். ஒரு அடித் தண்ணீர் சிறிய காரை மிதக்க வைக்கும். இரண்டு அடி, பெரும்பாலான வாகனங்களை இழுத்துக்கொண்டு போகும். கலங்கல் தண்ணீருக்குக் கீழே பாதை இருக்கிறதா, அறுந்துவிட்டதா என்பதும் தெரியாது. "நேற்று இந்த வழியாத்தானே வந்தேன்" என்பது இன்றைக்குச் செல்லாது.

நமக்கும் இது பொருந்தும்

2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியது. 2025 நவம்பரில் டித்வா புயல் மலையகத்தில் பல இடங்களில் மண்சரிவை உண்டாக்கியது. பல தோட்டங்களுக்கு வெளியே போக ஒரே பாதைதான். அந்தப் பாதையில் மண் விழுந்தாலோ சிறு பாலம் அடித்துப் போனாலோ வண்டியால் பயனில்லை. ஆகவே நேரத்தோடு புறப்படுவதற்காகத்தான் வண்டியைத் தயாராக வைக்க வேண்டும். தண்ணீரைக் கடப்பதற்காக அல்ல.

செய்ய வேண்டியவை

1. மழைக்காலம் முழுவதும் டாங்கியில் பாதிக்குக் குறையாமல் பெற்றோல் இருக்கட்டும். மின்சாரம் நின்றால் எரிபொருள் நிலையமும் நின்றுவிடலாம். ஆனால் கேனில் வாங்கி லயத்துக்குள் வைக்காதீர்கள்.

2. டயர், பிரேக், பெட்டரி, லைட், வைப்பர் ஆகியவற்றை மழைக்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

3. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், கிளினிக் கொப்பி எல்லாவற்றையும் ஒரே பொலித்தீன் பையில் கட்டி வையுங்கள். மருந்து, குழந்தைக்குப் பால்மா, குடிதண்ணீர், டோர்ச் லைட் பக்கத்திலேயே இருக்கட்டும்.

4. வண்டியைச் சரிவின் அடியிலோ மரத்தின் கீழோ ஓடைப் பக்கமோ நிறுத்த வேண்டாம். முகப்பு வெளியே போகும் பக்கம் பார்த்திருக்கட்டும்.

5. ஓட்டோவில் மூன்று பேர்தான். ஒரு லயத்துக்கு இரண்டு மூன்று நடை போக வேண்டி வரும். கர்ப்பிணிகள், முதியோர், நோயாளிகள், சிறு பிள்ளைகளுடைய தாய்மார் முதல் நடையில் போகட்டும். வண்டி இல்லாத வீட்டாரை யார் ஏற்றுவது என்பதை இப்போதே பேசி முடியுங்கள்.

எப்போது புறப்படுவது?

மண்சரிவு எச்சரிக்கையைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மூன்று நிறங்களில் தருகிறது. மஞ்சள் என்றால் வண்டியையும் பையையும் சரிபாருங்கள். செம்மஞ்சள் என்றால் முதல் நடையை அனுப்புங்கள். சிவப்பு என்றால் ஒருவரும் அங்கே இருக்கக் கூடாது. சுவரில் புதிய வெடிப்பு, சாய்ந்த மரம், ஊற்றுத் தண்ணீர் திடீரெனக் கலங்குவது போன்றவற்றைக் கண்டால் எந்த நிறத்துக்கும் காத்திருக்காதீர்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

பாதையில் தண்ணீர் ஓடினால் வண்டியைத் திருப்புங்கள். இன்ஜினுக்குள் தண்ணீர் போய் நின்றுவிட்டால் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் பண்ண வேண்டாம், இன்ஜின் உடைந்துவிடும். வண்டியை விட்டு மேட்டுக்குப் போங்கள். கடனில் வாங்கிய வண்டியாக இருக்கலாம். கடனைப் பிறகு கட்டலாம், போன உயிர் வராது.

வீட்டில் பேசிப் பாருங்கள்

நம் தோட்டப் பாதையில் முதலில் தண்ணீர் ஏறும் இடம் எது? அந்தப் பாதை அடைபட்டால் நடந்து போகக்கூடிய மேட்டு வழி எது? நம் லயத்தில் தானாக நடக்க முடியாதவர்கள் யார், அவர்களை ஏற்றப் போவது யார்?

இந்த மூன்று கேள்விக்கும் வீட்டில் எல்லோரும், பிள்ளைகள் உட்பட, ஒரே பதிலைச் சொன்னால் நீங்கள் தயார்.